கணினி ஒலியை ஹோம் தியேட்டர் ரிசீவருடன் இணைத்தல்

கணினியில் ஓடும் திரைப்படம், பாடல், விளையாட்டு ஆகியவற்றின் ஒலியை ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களில் கேட்பதற்கு, கணினிக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவருக்கும் இடையே ஓர் ஒலி இணைப்புத் தேவை. இந்த இணைப்பை 3.5 மி.மீ. ஜாக், ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் டிஜிட்டல் கேபிள், எச்டிஎம்ஐ கேபிள், ப்ளூடூத் என்று பல வழிகளில் ஏற்படுத்தலாம். எந்த வழியில் இணைத்தாலும் ஒலி வரும். ஆனால் படத்தின் 5.1 ஒலி ஆறு தடங்களாகவே வந்து சேருமா, இரண்டாகச் சுருங்கி வருமா என்பது தேர்ந்தெடுத்த வழியையும் கணினியின் அமைப்புகளையும் பொறுத்தது. ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வாங்கி மாட்டிவிட்டு, இரண்டு தட ஒலியையே 5.1 என்று நம்பிக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

ரிசீவர் என்பது எது?

தமிழ்நாட்டில் ரிசீவர் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டிஷ் ஆன்டெனாவுடன் வரும் செட்டாப் பெட்டி. இங்கே குறிப்பிடப்படுவது அது அல்ல. ஆம்ப்ளிஃபையரும் வானொலி ட்யூனரும் ஒரே பெட்டிக்குள் இருந்ததால் அந்தப் பெட்டிக்கு ரிசீவர் என்ற பெயர் வந்தது. பின்னர் அதில் வீடியோ இணைப்புகளும், டால்பி, டிடிஎஸ் போன்ற சுருக்கப்பட்ட ஒலியைப் பிரித்தெடுக்கும் டிகோடரும் சேர்ந்தபோது அது ஏவி ரிசீவர் ஆனது.

ரிசீவருக்கு முக்கியமாக மூன்று வேலைகள் உண்டு. வரும் ஒலியைத் தடம் தடமாகப் பிரிக்கும். டிஜிட்டல் எண்களை அனலாக் மின்னலைகளாக மாற்றும். அந்த அலைகளை ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்கும். மூன்றாவது வேலையை ரிசீவரே செய்தாக வேண்டும். முதல் இரண்டையும் கணினியாலும் செய்ய முடியும். ஆகவே கேபிள் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அந்த இரண்டு வேலைகளையும் யாரிடம் விடப்போகிறோம் என்பதுதான்.

தடங்களும் ஒரு சிறு கணக்கும்

5.1 என்பதில் 5 என்பது முன்புறம் இடது, நடு, வலது, பின்புறம் இடது, வலது என்ற ஐந்து தடங்களைக் குறிக்கிறது. .1 என்பது தாழ்ந்த அதிர்வெண்களுக்கு மட்டுமான சப்வூஃபர் தடம். சுருக்கப்படாத ஒலியை பிசிஎம் என்பார்கள். ஒரு தடத்துக்கு நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 24 பிட் என்று கொண்டால், ஆறு தடங்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 6.9 மெகாபிட் தேவைப்படும்.

ஆப்டிகல், கோஆக்சியல் என்ற இரண்டு கேபிள்களும் எஸ்பிடிஐஎஃப் என்ற ஒரே விதிமுறையைப் பின்பற்றுகின்றன. சோனி, பிலிப்ஸ் நிறுவனங்களின் பெயர்களில் அமைந்த இந்த விதிமுறை, குறுந்தகட்டின் இரண்டு தட ஒலியை மனத்தில் வைத்து உருவானது. 48,000 மாதிரி வேகத்தில் அதில் நொடிக்குச் சுமார் 3 மெகாபிட் மட்டுமே செல்லும். ஆறு தட பிசிஎம் அதற்குள் அடங்காது. ஆனால் டால்பி டிஜிட்டல் முறையில் சுருக்கப்பட்ட 5.1 ஒலி அதிகபட்சமாக நொடிக்கு 640 கிலோபிட்தான்; டிவிடியில் 448 கிலோபிட் வரை. அது தாராளமாகச் செல்லும்.

"ஆப்டிகல் கேபிள் 5.1 தருமா?" என்ற கேள்விக்கு ஒருவர் ஆம் என்றும் இன்னொருவர் இல்லை என்றும் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம். சுருக்கப்பட்ட 5.1 போகும், சுருக்கப்படாத 5.1 போகாது. இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை.

அனலாக் இணைப்பு

மிக எளிய, மிக மலிவான வழி இது. கணினியின் பச்சை நிற 3.5 மி.மீ. ஜாக்கில் ஒரு முனை. மறுமுனையில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ செருகிகள் இரண்டு. அவற்றை ரிசீவரின் ஆக்ஸ் அல்லது சிடி என்று எழுதப்பட்ட உள்ளீட்டில் செருக வேண்டும். ஃபோனோ என்று எழுதப்பட்ட உள்ளீட்டில் செருகக் கூடாது. அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் அலைக்கானது. கணினி தருவதோ ஏறத்தாழ 1 வோல்ட். அங்கே செருகினால் கரகரவென்று சிதைந்த பெரும் சத்தம்தான் வரும். ரிசீவரின் ஸ்பீக்கர் முனைகளைக் கணினியின் எந்தத் துளையோடும் இணைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த இணைப்பில் டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் வேலையைக் கணினியே செய்துவிடுகிறது. ஒரு ஜாக்கில் இரண்டு தடங்களே செல்லும். பாட்டுக் கேட்பதற்கு அது போதும், ஏனெனில் பாடல்களில் பெரும்பாலானவை இரண்டு தடங்களில் பதிவானவையே.

மேசைக் கணினி சிலவற்றின் பின்புறம் பச்சையோடு கறுப்பு, ஆரஞ்சு ஜாக்குகளும் இருக்கும். கறுப்பு பின்புற ஸ்பீக்கர்களுக்கு. ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும். ரிசீவரில் ஆறு ஆர்சிஏ துளைகள் கொண்ட 5.1 உள்ளீடு இருந்தால், மூன்று கேபிள்களில் முழு 5.1 ஒலியையும் அனலாக்காகவே அனுப்பலாம். புதிய ரிசீவர்களில் இந்த உள்ளீடு அரிதாகிவிட்டது. பழைய ரிசீவர்களிலும், சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளின் உதிரிப் பலகைகளைக் கொண்டு அசெம்பிள் செய்யப்படும் ஆம்ப்ளிஃபையர்களிலும் இன்னும் காணலாம். அசெம்பிள் பெட்டி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலவற்றில் டிகோடர் இருக்காது. இரண்டு தட ஒலியை எடுத்து ஐந்து ஸ்பீக்கர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சுற்று மட்டும் இருக்கும். ஐந்திலும் சத்தம் வருவதால் வித்தியாசம் உடனே தெரியாது. பின்னால் ஓட வேண்டிய கார் முன்னாலும் ஓடும்போதுதான் தெரியும்.

ஆப்டிகலும் கோஆக்சியலும்

ஆப்டிகல் கேபிளுக்கு டாஸ்லிங்க் என்றும் பெயர். தோஷிபா நிறுவனம் 1983-இல் கொண்டுவந்தது. நெகிழி இழையின் வழியே சிவப்பு ஒளி மின்னி மின்னிச் செல்வதுதான் இதன் வேலைமுறை. கணினி இயங்கும்போது ஆப்டிகல் துளைக்குள் சிவப்பு ஒளி தெரிந்தால், ஒலி வெளியேறும் வழி உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். இழையைக் கூர்மையாக மடக்கக் கூடாது. செருகியின் முனையில் உள்ள சிறு மூடியைக் கழற்றாமல் செருகினால் நுழையாது. 2016-க்கு முந்தைய மேக்புக் ப்ரோ கணினிகளில் ஹெட்போன் துளையே ஆப்டிகல் வெளியீடாகவும் இருந்தது, அதற்கு 3.5 மி.மீ. முனை கொண்ட தனி ஆப்டிகல் கேபிள் வேண்டும்.

கோஆக்சியல் என்பது ஒற்றை ஆர்சிஏ செருகி கொண்ட, 75 ஓம் மின்னெதிர்ப்புக்கான செம்புக் கேபிள். ஒலித்தரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இவற்றில் 5.1 கேட்க வேண்டுமானால், படத்தில் உள்ள டால்பி அல்லது டிடிஎஸ் ஒலியைக் கணினி பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்ப வேண்டும். இதைப் பாஸ்த்ரூ என்கிறார்கள். விஎல்சி போன்ற மென்பொருளின் ஒலி அமைப்புகளில் இதற்கான தெரிவு உள்ளது. அதை இயக்கியதும் ரிசீவரின் முகப்பில் பிசிஎம் என்ற எழுத்து மாறி டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் என்று வரும். வராவிட்டால் கேட்பது இரண்டு தடமே. காதை நம்புவதைவிட இந்த முகப்பை நம்பலாம்.

விளையாட்டுகளில் இது உதவாது. கணினி விளையாட்டின் ஒலி அந்த நொடியில் உருவாவது. முன்கூட்டியே சுருக்கி வைத்த டால்பித் தடம் அதில் இல்லை. உருவாகும் ஆறு தடங்களை உடனுக்குடன் சுருக்கி ஆப்டிகலில் அனுப்ப டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் என்ற வசதிகள் உள்ளன. ஒலி அட்டைகள், மதர்போர்டுகள் சிலவற்றில் மட்டுமே இவை கிடைக்கும்.

எச்டிஎம்ஐ

ரிசீவரில் எச்டிஎம்ஐ உள்ளீடு இருந்தால் மற்ற வழிகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 2002 டிசம்பரில் வெளியான அதன் முதல் பதிப்பே எட்டுத் தட பிசிஎம் ஒலியைச் சுமக்க வல்லது. ஆகவே கணினி ஒலியைத் தடம் பிரித்து எண்களாகவே அனுப்பிவிடலாம். பாஸ்த்ரூ, உடனடிச் சுருக்கம் என்ற எந்தச் சுற்றுவழியும் தேவையில்லை. படம், விளையாட்டு இரண்டுக்கும் இது பொருந்தும். ப்ளூரேயில் வரும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகியவற்றைப் பிரிக்காமல் அனுப்பும் வசதி 2006-இல் வந்த 1.3 பதிப்பில் சேர்ந்தது.

பழைய ரிசீவர் வாங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எச்டிஎம்ஐ துளையோடு வந்த தொடக்க கால ரிசீவர்கள் சில, படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கடத்திவிடுவதோடு நிறுத்திக்கொள்ளும். ஒலியை எடுத்துத் தம் ஸ்பீக்கர்களுக்குத் தராது. துளை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், எச்டிஎம்ஐ ஒலியை ஏற்குமா என்று கையேட்டில் பார்க்க வேண்டும்.

இணைக்கும் முறை எளிது. கணினியின் எச்டிஎம்ஐ வெளியீட்டிலிருந்து ரிசீவரின் எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு ஒரு கேபிள். ரிசீவரின் வெளியீட்டிலிருந்து டிவிக்கு இன்னொன்று. தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினியில் அந்த அட்டையின் துளையிலேயே செருக வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒலியைச் சுமக்கும். பழைய விஜிஏ சுமக்காது.

அடுத்து வருவது பலரும் தவறவிடும் படி. கேபிளைச் செருகியதும் விண்டோஸ் பெரும்பாலும் ரிசீவரை இரண்டு தடக் கருவியாகவே வைத்துக்கொள்ளும். கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதியைத் திறந்து, பிளேபேக் பட்டியலில் ரிசீவரின் பெயரைத் தேர்ந்து, கான்ஃபிகர் என்பதை அழுத்தி 5.1 அல்லது 7.1 என்று நாமே சொல்ல வேண்டும். அங்கேயே உள்ள டெஸ்ட் பொத்தான் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலி எழுப்பிக் காட்டும். பின் இடது என்று திரை சொல்லும்போது பின் இடதில்தான் ஒலி கேட்கிறதா என்று சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது. ஸ்பீக்கர் வயர்கள் இடம் மாறியிருந்தால் இப்போதே தெரிந்துவிடும். மேக்கில் இதே வேலையை ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியிலும், லினக்சில் ஒலி அமைப்பின் ப்ரொஃபைல் பட்டியலிலும் செய்யலாம்.

கணினிக்குத் தனி மானிட்டர் இருந்து, ஒலிக்காக மட்டும் ரிசீவரை எச்டிஎம்ஐயில் இணைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். எச்டிஎம்ஐயில் ஒலி தனியாகச் செல்வதில்லை, படத்தோடு சேர்ந்தே செல்லும். ஆகவே கணினி ரிசீவரை இரண்டாவது திரை என்று எண்ணிக்கொள்ளும். மவுஸ் அம்பு திரையின் ஓரத்தைத் தாண்டி மறைந்துபோகும், திறந்த சாளரம் காணாமல் போகும். அந்த இல்லாத திரையை அமைப்புகளில் உண்மைத் திரையின் மூலைக்கு இழுத்து வைத்தால் அம்பு தவறிப்போவது குறையும். முதல் திரையின் நகலாகவும் வைக்கலாம். ஆனால் ரிசீவர் ஏற்கும் தெளிவுத்திறன் குறைவாக இருந்தால் மானிட்டரின் படமும் அதற்கு இறங்கிவிடலாம். ரிசீவரை அணைத்தால் அந்தத் திரையும் ஒலிக்கருவியும் சேர்ந்தே மறைவதும் உண்டு. அப்போது கணினி தன் ஒலியைப் பழைய ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொள்ளும்.

டிவி வழியாக அனுப்பினால்

கணினியை டிவியில் செருகி, டிவியிலிருந்து ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவது இன்று வழக்கமாகி வருகிறது. 2009-இல் எச்டிஎம்ஐ 1.4 பதிப்பில் வந்த ஏஆர்சி என்ற வசதி இதற்கானது. டிவியிலும் ரிசீவரிலும் ஏஆர்சி என்று எழுதப்பட்ட துளைகளில்தான் கேபிள் செருகப்பட வேண்டும்.

கேபிள் எச்டிஎம்ஐ ஆனாலும், ஏஆர்சியின் கொள்ளளவு ஆப்டிகலைப் போன்றதே. இரண்டு தட பிசிஎம் அல்லது சுருக்கப்பட்ட 5.1, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, டிவி தன்னைக் கணினியிடம் அறிமுகப்படுத்தும்போது "எனக்கு இரண்டு ஸ்பீக்கர்" என்று சொல்லிவிடும். கணினியின் பட்டியலில் 5.1 தெரிவே வராது. 2017-இல் 2.1 பதிப்போடு வந்த இஏஆர்சி எட்டுத் தட பிசிஎம்மையும் சுமக்கும். டிவி, ரிசீவர் இரண்டிலும் அது இருந்தால் கவலையில்லை. ஒன்றில் இல்லாவிட்டாலும், கணினியை முதலில் ரிசீவரில் செருகி அங்கிருந்து டிவிக்குக் கொண்டுபோவதே சரியான வரிசை.

இரைச்சலும் எர்த்தும்

அனலாக் கேபிளைச் செருகியதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று தாழ்ந்த ரீங்காரம் கேட்பது மிகப் பொதுவான புகார். கேபிள் மட்டம் என்று வேறு கேபிள் வாங்குவார்கள், அதிலும் கேட்கும். பெரும்பாலும் கோளாறு கேபிளில் இருக்காது.

மேசைக் கணினியின் உலோகப் பெட்டி மூன்று முனைச் செருகியின் வழியே வீட்டு எர்த்தோடு இணைந்துள்ளது. டிவிக்கு வரும் கேபிள் டிவி அல்லது டிஷ் வயரின் வெளியுறை வேறோர் இடத்தில் தரையைத் தொடுகிறது. அந்த டிவி ரிசீவரோடு இணைந்திருக்கிறது. இரண்டு தரைகளுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தாலும் ஆர்சிஏ கேபிளின் உறை வழியே மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். ரிசீவர் அதையும் ஒலி என்று எண்ணிப் பெருக்குகிறது. நம் மின்வழங்கல் 50 ஹெர்ட்சில் இருப்பதால் ரீங்காரம் 50, 100 ஹெர்ட்சில் கேட்கும். இதற்குக் கிரவுண்ட் லூப் என்று பெயர்.

கண்டறிவது எளிது. கேபிள் டிவி வயரை டிவியிலிருந்து கழற்றிப் பார்க்க வேண்டும். ரீங்காரம் நின்றால் சுற்று அதன் வழியாகத்தான். மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம். கணினி, ரிசீவர், டிவி மூன்றுக்கும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக மின்சாரம் கொடுப்பது முதல் தீர்வு. அதற்கும் அடங்காவிட்டால் ஒலிக் கேபிளின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைப் போடலாம். ஆப்டிகல் துளை இருந்தால் அதற்கு மாறலாம். ஆப்டிகலில் மின்சாரமே செல்வதில்லை, ஒளி மட்டுமே செல்கிறது. அந்தக் கேபிள் வழியே சுற்று உருவாக வழியில்லை.

எர்த் முனையை ஒடித்துவிட்டாலோ, இரண்டு முனை அடாப்டரில் செருகினாலோ ரீங்காரம் நின்றுவிடும் என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். நிற்கும்தான். ஆனால் இதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. கணினியின் மின்வழங்கிக்குள் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் இரண்டு கம்பிகளிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு இணைக்கப்பட்டுள்ளன. எர்த் இல்லாதபோது பெட்டி, 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். எர்த் சரியில்லாத வீடுகளில் கணினிப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பதும், டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிவதும் இதனால்தான். இந்த மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் உள்ளே ஒரு கம்பி நழுவிப் பெட்டியைத் தொட்டுவிட்டால் முழு மின்சாரமும் பெட்டிக்கு வரும். எர்த் இருந்தால் ஃபியூசோ டிரிப்பரோ போய்விடும், இல்லாவிட்டால் தொடுபவர் வழியே தரைக்கு இறங்கும். ஆர்சிஏ கேபிளால் இணைத்திருந்தால் ரிசீவரின் பெட்டியும் அதே நிலைக்கு வந்துவிடும்.

எர்த் இல்லாத கணினியால் கருவிகளுக்கும் கேடு உண்டு. ஆர்சிஏ செருகியில் வெளி வளையம் தொடுவதற்கு முன்பே நடு முனை தொட்டுவிடுகிறது. மிதக்கும் மின்னழுத்தம் அந்த நொடியில் ரிசீவரின் உள்ளீட்டுச் சுற்றில் பாயும். ஸ்பீக்கரில் டொம் என்று ஓர் அடி கேட்கும். எச்டிஎம்ஐ துளையில் உள்ள நுண்ணிய சில்லுகளும் இப்படிக் கெட்டுப்போக வாய்ப்புண்டு. எந்தக் கேபிளையும் இரண்டு கருவிகளையும் அணைத்துவிட்டுச் செருக வேண்டும் என்பது இதற்காகத்தான். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிற வீட்டில், கேபிள் வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்துவிட வேண்டும்.

மவுஸை நகர்த்தும்போதோ பக்கத்தை உருட்டும்போதோ மாறுகிற கிரீச்சொலி வேறு வகை. அது கணினிக்குள் இருக்கும் மின்சுற்றுகளின் இரைச்சல். முன்புற ஹெட்போன் துளையை விட்டுப் பின்புற ஜாக்கைப் பயன்படுத்தினால் குறையும். யுஎஸ்பியில் செருகும் வெளி ஒலி அட்டையும் உதவும்.

ப்ளூடூத்தும் தாமதமும்

ப்ளூடூத் உள்ள ரிசீவரில் கேபிளே வேண்டாம். பாட்டுக்குப் போதும். இரண்டு தடம் மட்டுமே செல்லும், அதுவும் சுருக்கப்பட்டு. ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் படத்தில் உதடு ஒரு நேரம், வசனம் ஒரு நேரமாக இருக்கும். விளையாட்டில் சுட்ட பிறகு சத்தம் வரும்.

கேபிள் இணைப்பில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். டிவி படத்தைச் செம்மைப்படுத்தச் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால் ஒலி முந்திவிடும். ரிசீவரின் அமைப்புகளில் லிப் சிங்க் அல்லது ஆடியோ டிலே என்ற பெயரில் ஒலியை மில்லி நொடிக் கணக்கில் தாமதப்படுத்தும் வசதி இருக்கும். செய்தி வாசிப்பவரின் முகம் அருகில் தெரியும் காட்சி ஒன்றை ஓடவிட்டு, உதடும் சொல்லும் ஒன்றுசேரும் வரை 10, 20 மில்லி நொடிகளாகக் கூட்டிப் பார்க்கலாம். டிவியில் கேம் மோட் இருந்தால் முதலில் அதை இயக்கிப் பார்ப்பது நல்லது. படத்தின் தாமதம் குறைந்து, ஒலியை நிறுத்திவைக்கத் தேவையே இல்லாமல் போகலாம்.